சாணித்தாளில் அச்சான செவ்வாய்க் கிரகம்

"அமெரிக்காவில் 1930, 40களில் வந்த பல்ப் விஞ்ஞானக் கதை இதழ்களைப் பொற்காலம், பொற்காலம் என்கிறார்களே, அந்தக் கதைகள் நிஜமாகவே தரமானவையா, இல்லை பழசு என்பதால் வரும் பாசமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவை மோசம். ஏதோ சுமார் என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்கு மோசம். தேர்ந்தெடுத்த தொகுப்புகளைப் படித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஸ்கேன் செய்து கிடைக்கிற முழு இதழ்களை, "வீட்டிலிருந்தே ரேடியோ மெக்கானிக் ஆகலாம்" விளம்பரம் உட்பட, அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருக்கிறேன். ஒரே மூச்சில் நான்கு இதழ் படித்தால் ஐந்தாவதைத் திறக்கக் கை வராது. ஆனால் அந்த நான்கில் எங்காவது ஒரு கதை, தொண்ணூறு வருஷம் கழித்தும் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் எனக்கு சுவாரஸ்யமான விஷயம்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஸ்டர்ஜன் விதியை எடுத்து வீசுவார்கள். விஞ்ஞானக் கதைகளில் தொண்ணூறு சதவீதம் குப்பை என்று விமர்சகர்கள் சொன்னபோது, "எதை எடுத்தாலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான்" என்று தியடோர் ஸ்டர்ஜன் 1950களில் பதில் சொன்னார். அவரே அந்த இதழ்களில் எழுதி வளர்ந்தவர், அவர் சொல்லலாம். நாம் அதை வைத்துக்கொண்டு விவாதத்தை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். எந்த இதழ், எந்த வருஷம், ஆசிரியர் நாற்காலியில் யார் என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் ஏறும், இறங்கும். சில இதழ்களுக்குத் தொண்ணூறு என்பதே தாராளம்.

முதலில் பல்ப் என்றால் என்ன? நம் ஊரில் சாணித்தாள் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். மரக்கூழில் செய்த மட்டமான தாள். அமிலம் இருப்பதால் சில வருஷத்தில் பழுத்து, ஓரம் உதிர ஆரம்பித்துவிடும். ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1896இல் தன் ஆர்கோஸி இதழை முழுக்கக் கதைகளாக்கி இந்தத் தாளில் அடித்து மலிவாக விற்றார். அதிலிருந்து துப்பறியும் கதைக்கு ஒன்று, கௌபாய் கதைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்று கடை நிறையத் தொங்க ஆரம்பித்தன. விஞ்ஞானக் கதை இந்தக் குடும்பத்தில் தாமதமாகப் பிறந்த பிள்ளை.

சன்மானம் வார்த்தைக் கணக்கில். ஒரு வார்த்தைக்கு ஒரு சென்ட் என்றால் நல்ல இடம். அரை சென்ட் சகஜம். எழுத்தையே நம்பிப் பிழைப்பவர் மாதாமாதம் வார்த்தைகளைத் தட்டிக் குவித்தால்தான் வாடகை கட்ட முடியும். திருத்தி எழுதுகிற நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதனால் கதை எப்படி இருக்கும் என்றால், இப்படி (இது நானே கலந்து செய்த மாதிரி, யாருடையதும் இல்லை):

"உங்களுக்குத் தெரியாததா புரொபசர்! நம் ராக்கெட் பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட விநாடிக்கு ஏழு மைல் வேகம் வேண்டும் என்பது!" "ஆமாம் ஜான், அதற்காகத்தான் நான் பன்னிரண்டு வருஷம் உழைத்து இந்த எரிபொருளைக் கண்டுபிடித்தேன் என்பது உனக்கும் தெரியுமே!"

இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் புரொபசரின் மகள் நிற்பாள். அவள் வேலை, விளக்கம் கேட்பது. அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில் அலறுவது.

விஞ்ஞானக் கதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அமேஸிங் ஸ்டோரீஸ், 1926 ஏப்ரலில். நடத்தியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக், லக்ஸம்பர்க்கிலிருந்து வந்து வானொலிப் பத்திரிகைகள் நடத்திக்கொண்டிருந்தவர். முதல் இதழின் ஆறு கதைகளும் மறுபிரசுரம். வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ மூவரும் அட்டையிலேயே இருந்தார்கள். ஆக, அந்த இதழின் தரம் நன்றாகவே இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சிக்கல், புதுக் கதை கேட்க ஆரம்பித்தபோதுதான். கெர்ன்ஸ்பேக்குக்குக் கதை என்பது விஞ்ஞானப் பாடத்தைச் சர்க்கரை தடவிக் கொடுக்கும் வழி. பாத்திரம், மொழி எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். போதாக்குறைக்குக் காசு விஷயத்தில் கை மிகவும் இறுக்கம். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதிய சிறந்த கதைகளில் ஒன்றான 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' 1927 செப்டம்பர் அமேஸிங்கில் வந்தது. சுமார் 12,000 வார்த்தைக்கு வந்த சன்மானம் 25 டாலர், அதுவும் பலமுறை கேட்டு வாங்கியது. அதற்குப் பிறகு லவ்கிராஃப்ட் கடிதங்களில் கெர்ன்ஸ்பேக்கை 'எலி' என்றே குறிப்பிட்டார். நல்ல எழுத்தாளர் ஒருமுறை வந்தால் மறுமுறை வராதபடி பார்த்துக்கொண்ட பத்திரிகை அது. 1929இல் கெர்ன்ஸ்பேக் கடனில் மூழ்கி இதழ் கைமாறியது. அடுத்து ஆசிரியரான ஓ'கானர் ஸ்லோனுக்கு அப்போது வயது எழுபத்தேழை ஒட்டி. மனிதன் விண்வெளிக்குப் போவான் என்பதிலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது!

சரி, அப்படியானால் நல்ல சன்மானம் கொடுத்தால் நல்ல கதை வந்திருக்குமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை என்று காட்டுகிறது அஸ்டவுண்டிங் என்ற இதழின் கதை. 1930 ஜனவரியில் கிளேட்டன் நிறுவனம் அதைத் தொடங்கியபோது வார்த்தைக்கு இரண்டு சென்ட், அதுவும் கதையை ஏற்றுக்கொண்ட உடனே. அந்தக் காலத்துக்கு ராஜ மரியாதை. வந்தது என்ன? கௌபாய் கதையும் சாகசக் கதையும் எழுதித் தேர்ந்த கைகள் இங்கேயும் வந்து, குதிரைக்குப் பதில் ராக்கெட்டையும் துப்பாக்கிக்குப் பதில் கதிர்வீச்சுக் கருவியையும் வைத்துச் சுத்தமாக, வேகமாக, வெறுமையாக எழுதிக் கொடுத்தார்கள். 1933இல் கிளேட்டன் திவாலாகி, ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் இதழை வாங்கியது. சன்மானம் ஒரு சென்ட்டாக, அதாவது பாதியாக இறங்கியது. கதைகள் தேறியது அதற்குப் பிறகுதான். புதிய ஆசிரியர் ட்ரிமெயின், "இதுவரை யாரும் எழுதாத ஒரு யோசனை இருக்கும் கதை ஒவ்வொரு இதழிலும் ஒன்றாவது வேண்டும்" என்று கேட்டார். கேட்டதால் வந்தது. எதைக் கொண்டுவந்தால் வாங்குவார்கள் என்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறவன் எழுதுகிறான்.

இதற்கு நடுவில் ஒரு மனிதர் எங்கிருந்தோ வந்தார். ஸ்டான்லி வைன்பாம். முதல் விஞ்ஞானக் கதை, 'எ மார்ஷியன் ஒடிஸி', 1934 ஜூலை வொண்டர் ஸ்டோரீஸில். மறு வருஷம் டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார், முப்பத்து மூன்று வயதில். அந்த ஒன்றரை வருஷத்தில் எழுதியதை வைத்து இன்னும் அவரைப் பேசுகிறோம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஜார்விஸ் என்பவன் செவ்வாயில் விழுந்து, திரும்பிக் கப்பலுக்கு நடக்கிறான். வழியில் ட்வீல் என்ற தீக்கோழி மாதிரியான ஒரு பிறவி துணைக்குச் சேர்கிறது. அதுவரை பல்ப் கதைகளில் வேற்றுக்கிரகவாசி என்றால் ஒன்று நம்மைத் தின்னும், இல்லை நமக்கு சேவகம் செய்யும். ட்வீல் இரண்டும் செய்வதில்லை. அது தன் வேலையைப் பார்க்கிறது. ஜார்விஸால் அதன் மொழியில் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அது மட்டும் கைவிரலில் எண்ணக்கூடிய ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே பெரிய விஷயமெல்லாம் சொல்லிவிடுகிறது. வழியில் பீப்பாய் வடிவப் பிராணிகளைப் பார்க்கிறார்கள். அவற்றைப் பற்றி ட்வீல் சொல்வது: ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆமாம், இரண்டும் இரண்டும் நான்கு, இல்லை. அதாவது, புத்தி உண்டு, ஆனால் நம் மாதிரி புத்தி இல்லை. இரண்டு கணக்கில் ஒரு முழு விமர்சனம்!

அப்புறம் அந்தப் பிரமிடு வரிசை. பாலைவனத்தில் முதலில் கையடக்கமான, சிதைந்த சின்னச் சின்னப் பிரமிடுகள். நடக்க நடக்கப் பெரிதாகின்றன, புதிதாகின்றன. கடைசிப் பிரமிடுக்கு உச்சி இல்லை. உள்ளே ஒரு பிராணி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாயிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தன்னைச் சுற்றி வைக்கிறது. சிலிக்கானால் ஆன உடம்பு. நாம் மூச்சு விடுவது போல அது கல் விடுகிறது. சுற்றிலும் கல் அடைத்துக்கொண்டதும் உடைத்துக்கொண்டு நகர்ந்து அடுத்ததை ஆரம்பிக்கும். பல லட்சம் வருஷமாக இதுவே வேலை. கோபம் இல்லை, திட்டம் இல்லை, நம்மைப் பார்க்கக்கூட இல்லை. அரை சென்ட், ஒரு சென்ட் உலகத்தில் இப்படி ஒரு காட்சி! வசனம் இன்று படித்தால் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், கப்பலில் ஆளுக்கொரு தேசத்து உச்சரிப்பு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1937 கடைசியில் அஸ்டவுண்டிங்கில் ஜான் கேம்பெல் ஆசிரியராக வந்து உட்கார்ந்தார். பொற்காலம் என்று நீங்கள் கேள்விப்படுவது பெரும்பாலும் அவர் நாற்காலியைச் சுற்றித்தான். 1939 ஜூலை இதழில் வான் வோக்ட்டின் முதல் விஞ்ஞானக் கதை, ஆகஸ்டில் ஹைன்லைனின் முதல் கதை, செப்டம்பரில் ஸ்டர்ஜன் அறிமுகம். மூன்று மாதத்தில் மூன்று பேர். ஐசக் அசிமோவும் அதே ஜூலை இதழில் கேம்பெலிடம் முதல்முறையாகத் தேறினார். அசிமோவின் அப்பா புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். கடையில் பல்ப் இதழ்களும் தொங்கும். குப்பையைத் தொடாதே என்று மகனுக்குக் கட்டளை. சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ் வந்தபோது பையன் பேரில் 'சயின்ஸ்' இருப்பதைக் காட்டி அப்பாவைச் சம்மதிக்க வைத்தான். விற்க வேண்டிய இதழ் என்பதால் மடங்காமல் படித்துத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

கேம்பெல் எப்படி வேலை செய்தார் என்பதற்கு 'நைட்ஃபால்' போதும். 1941 மார்ச்சில் இருபத்தொரு வயது அசிமோவ் அவர் அலுவலகத்துக்குப் போகிறார். ஆயிரம் வருஷத்துக்கு ஒரே ஓர் இரவு மட்டும் நட்சத்திரங்கள் தெரிந்தால் மனிதர்கள் எப்படி வணங்குவார்கள் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் வரியைக் கேம்பெல் படித்துக் காட்டுகிறார். "எனக்கென்னவோ பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றுகிறது, போய் எழுது" என்ற பாணியில் அனுப்பிவைக்கிறார். ஆறு சூரியன்கள் உள்ள கிரகம், 2049 வருஷத்துக்கு ஒருமுறை இருட்டு. செப்டம்பர் இதழில் வந்தது, வழக்கமான ஒரு சென்ட்டுக்கு மேல் கால் சென்ட் கூடுதலாக.

அதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் சிரிப்பு. கதை முடிவில், நட்சத்திரங்கள் வெளிப்படும் இடத்தில், பூமியில் தெரிவது போல சில ஆயிரம் அல்ல, முப்பதாயிரம் சூரியன்கள் என்று ஒரு பத்தி வரும். அதைச் சேர்த்தவர் கேம்பெல். கதை முழுக்கப் பூமி என்ற சொல்லே வராமல் அசிமோவ் பார்த்துக்கொண்டிருந்தார், அது போயிற்று. அதைவிடக் கொடுமை, அசிமோவால் கவித்துவமாகவும் எழுத முடியும் என்று காட்ட அந்தப் பத்தியைத்தான் எடுத்துக் காட்டினார்களாம். பாவம், பல வருஷம் புலம்பினார். பல்ப் கதையின் தரத்தில் எழுதியவன் பங்கு எவ்வளவு, ஆசிரியர் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதே இதழில் ஹைன்லைனின் 'மெதுசலாஸ் சில்ட்ரன்' தொடரின் கடைசிப் பகுதி, வேறு பெயரில் ஹைன்லைனின் இன்னொரு கதை, ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'ஆடம் அண்ட் நோ ஈவ்'. ஒரே இதழில் இத்தனை! மீதிக் கதைகளை நேற்றுத்தான் மறுபடி புரட்டினேன், இன்று காலை காப்பி குடிக்கும்போது எதுவும் ஞாபகமில்லை. மிகச் சிறந்த மாதத்திலேயே நிலவரம் அப்படி.

கேம்பெல் என்றால் குறையும் உண்டு, நிறையவே. வேற்றுக்கிரகத்தாரிடம் மனிதன் தோற்பதை அவர் விரும்பமாட்டார். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று அசிமோவ் ஃபவுண்டேஷன் கதைகளில் மனிதர்கள் மட்டுமே வாழும் பால்வெளியைப் படைத்தார். நாம் இன்று பெரிய கற்பனை என்று வியப்பதில் பாதி, ஆசிரியருடன் சண்டை போடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. 1950 மே இதழில் மனக்கோளாறைத் தீர்க்கும் முறை என்று ரான் ஹப்பர்ட் சொல்லிக்கொண்ட டயனெடிக்ஸை விஞ்ஞானம் என்று வெளியிட்டார். பிற்பாடு, கதாநாயகன் கறுப்பினத்தவன் என்பதால் சாமுவேல் டிலேனியின் நாவலைத் தொடராகப் போட மறுத்தார். இவற்றையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

புகழும் தரமும் ஒன்றில்லை என்பதற்கும் அவர் இதழிலேயே உதாரணம் இருக்கிறது. கிளீவ் கார்ட்மில் எழுதிய 'டெட்லைன்', 1944 மார்ச். யுரேனிய அணுகுண்டு பற்றிய விவரம் இருந்ததால் ரகசியம் கசிந்துவிட்டதோ என்று அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். எல்லாம் நூலகத்தில் கிடைக்கும் தகவல் என்று பதில். விஞ்ஞானக் கதையின் பெருமை பேசும்போதெல்லாம் இதை இழுப்பார்கள். கதையைப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். எதிரிக் கூட்டத்தின் பெயர் சிக்ஸா, நல்லவர்கள் பெயர் செயில்லா. இரண்டாம் உலகப் போரின் இரண்டு அணிகளான ஆக்ஸிஸ், அல்லீஸ் என்பதை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து திருப்பிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கதைநாயகனுக்கு வால் உண்டு. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்டவுண்டிங் மட்டும்தான் உலகம் என்று நினைத்தால் நஷ்டம் நமக்கு. பிளானட் ஸ்டோரீஸ் என்று ஒன்று வந்தது, 1939 கடைசியிலிருந்து. அட்டையில் அரைகுறை ஆடைப் பெண், பல்லைக் காட்டும் பூதம், கையில் துப்பாக்கியோடு ஒருவன். அந்த அட்டைக்குள்தான் லீ பிராக்கெட்டின் செவ்வாய் இருந்தது: வறண்ட கால்வாய்கள், பழைய நகரங்கள், தோற்றுப்போன மனிதர்கள். விஞ்ஞானம் சுத்தமாகத் தப்பு. வாக்கியங்கள் அபாரம். ஒரு குறுநாவல் பாதியில் இருக்கும்போது ஹாலிவுட்டிலிருந்து 'தி பிக் ஸ்லீப்' படத்துக்குத் திரைக்கதை எழுத அழைப்பு வந்துவிட்டது. மீதியை நண்பர் ஒருவரிடம் கொடுத்து முடிக்கச் சொன்னார். நண்பர், ரே பிராட்பரி. 1946இல் வந்த 'லோரிலை ஆஃப் தி ரெட் மிஸ்ட்' அதுதான். ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள், சுலபத்தில் கிடைக்காது. பிராட்பரியின் செவ்வாய்க் கதைகளில் 'மார்ஸ் இஸ் ஹெவன்' கூட 1948இல் இந்த மட்டரக அட்டைக்குள் வந்ததுதான்.

அட்டையை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொன்று: பல இதழ்களில் படத்தை முதலில் வரைந்து வைத்துவிட்டு, அதற்கேற்ற கதையை எழுத்தாளரிடம் கேட்பார்கள். ஃபிலிப் ஹோசே ஃபார்மரின் 'தி லவர்ஸ்', மனிதனுக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கும் உடலுறவு பற்றிப் பெரியவர்களுக்கான கதையாக எழுதப்பட்டது. கேம்பெல் திருப்பி அனுப்பினார், கேலக்ஸி என்ற இதழின் ஆசிரியர் கோல்டும் திருப்பினார். 1952இல் துணிந்து போட்டது, பித்தளை மார்க்கச்சை அட்டைகளுக்குப் பேர்போன ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ். கௌரவமான இடங்களில் கதவடைத்தால் சந்துக்கடையில் கிடைக்கும்.

அடிமட்டம் எது என்று கேட்டால் என் ஓட்டு ரே பால்மர் ஆசிரியராக இருந்த காலத்து அமேஸிங்குக்கு. நமக்கு இதில் ஒரு தூரத்து உறவு வேறு. 1945 மார்ச்சில் 'ஐ ரிமெம்பர் லெமூரியா' என்று ரிச்சர்ட் ஷேவர் பெயரில் ஒரு கதை. சுமார் 10,000 வார்த்தைக் கையெழுத்துப் பிரதியைப் பால்மர் 31,000 வார்த்தையாக ஊதி, பூமிக்கடியில் குகைகளில் வாழும் கொடியவர்கள் கதிர்களால் நம்மை ஆட்டிவைப்பது நிஜம் என்றே விளம்பரம் செய்தார். 'ஆமாம், எனக்கும் அந்தக் குரல்கள் கேட்கின்றன' என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. லெமூரியா என்ற சொல், லெமூர் விலங்கு மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி வந்தது என்று விளக்க 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்த பெயர். நிலவியலாளர்கள் பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் அது பூமிக்கடிப் பூதங்களின் நாடாயிற்று, நம் ஊரில் குமரிக்கண்டத்தோடு சேர்ந்தது. ஒரே கற்பனை, இரண்டு குடித்தனம்.

இவ்வளவு குப்பைக்கு நடுவில் பொற்காலம் என்ற பேச்சு எப்படி நிலைத்தது? 1946இல் ஹீலியும் மெக்கோமஸும் ஆயிரம் பக்கத்தை ஒட்டி 'அட்வென்ச்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்' என்ற தொகுப்பைக் கெட்டி அட்டையில் கொண்டுவந்தார்கள். கதைகளில் பெரும்பகுதி அஸ்டவுண்டிங்கிலிருந்து. அதே வருஷம் கிராஃப் காங்க்ளினின் தொகுப்பும் வந்தது. நூலகத்துக்குப் போனது இவைதான். சாணித்தாள் உதிர்ந்து போயிற்று, சலித்தெடுத்தது மிஞ்சியது. அடுத்த தலைமுறை சலித்ததை மட்டும் படித்துவிட்டு, மொத்த மூட்டையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

உள்ளே இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். 1950 அக்டோபரில் வந்த கேலக்ஸி முதல் இதழின் பின்னட்டையைப் பாருங்கள். ஒரு பக்கம் பேட் டர்ஸ்டன் என்பவன் குதிரையில் கணவாயில் பாய்ந்து வருகிறான். பக்கத்திலேயே அதே பேட் டர்ஸ்டன், அதே வாக்கிய அமைப்பு, ராக்கெட்டில் ஒரு கிரகத்தில் இறங்குகிறான். இந்த மாதிரி சரக்கை எங்களிடம் பார்க்க முடியாது என்று கீழே அறிவிப்பு. கால் நூற்றாண்டு பல்ப் எழுத்தின் மீது அதன் வாரிசே வைத்த விமர்சனம் அது, இதைவிடக் கச்சிதமாக யாரும் செய்ததில்லை.

நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்றால் தொகுப்பில் ஆரம்பிக்காதீர்கள். அந்த 1941 செப்டம்பர் அஸ்டவுண்டிங்கை முழுதாக ஒருமுறை, பிறகு நாற்பதுகளின் ஏதாவது ஒரு பிளானட் ஸ்டோரீஸை ஒருமுறை படியுங்கள். பிடிக்காத கதையை மூன்றாம் பக்கத்தில் விட்டுவிடலாம், நான் விடுகிறேன். வாசகர் கடிதப் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். கதையில் காதல் எதற்கு, பெண்கள் எதற்கு என்று முப்பதுகளின் கடைசியில் அங்கே கடிதம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் அந்த மிட்டாய்க் கடைக்காரர் மகன். சில மாதங்களில் கதைகளைவிட அந்தச் சண்டைகள்தான் நன்றாக இருக்கும்.